மாதம் மூன்று தடவை சென்னை – திருநெல்வேலி: கட்டுப்படியாகிற வழி இருக்கிறதா?

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு | 10 ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். குரோம்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல். வீடு திருநெல்வேலி பக்கம். வீட்டுக்காரர் அங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறார். பையனுக்கு நாலு வயது, இந்த வருடம்தான் எல்.கே.ஜி. சேர்த்தோம். அம்மா பார்த்துக்கொள்கிறாள். ஊரில் வாங்கியதைவிட இங்கே பதினோராயிரம் கூட வருகிறது, பட்டறைக் கடன் முடியும்வரை இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தேன். அந்தக் கணக்கில் பஸ் டிக்கெட்டை நான் எழுதவே இல்லை.

சம்பளம் கையில் 31,000. மாதம் மூன்று வாரக்கடைசி ஊருக்குப் போகிறேன். வெள்ளி ராத்திரி ஏறி, ஞாயிறு ராத்திரி திரும்புவேன். எல்லாமே ஆம்னி பஸ்தான். ஜூலை மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஒரு டிக்கெட் 1,250, இன்னொன்று 1,700, ஆட்டோ, டீ எல்லாம் கூட்டினால் 9,150. அதாவது, கூட வருகிற பதினோராயிரத்தில் மிச்சம் 1,850. இதற்கு நான் ஊரிலேயே இருந்திருக்கலாம்.

போன மாதம் ஒரு ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். பைபாஸில் ஒன்பது மணிக்கு வர வேண்டிய பஸ். பையன் வழியனுப்ப வந்தவன், வீட்டுக்காரர் பைக் டேங்க் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். “பத்து நிமிஷம் மேடம்” என்று டிரைவர் நம்பரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றரைக்கு வந்தது. அவனை எழுப்பாமல் ஏறிவிட்டேன். மறுநாள் ஏழரை டியூட்டிக்கு பத்தரைக்குப் போய் நின்றதில் அரை நாள் சம்பளம் போனது. இந்த வாரம் பதினைந்தாம் தேதி லீவு சேர்ந்து வருகிறது என்று டிக்கெட் பார்த்தால் 2,300 காட்டுகிறது. போகவில்லை.

“ட்ரெயின்ல போ” என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் சிக்கல் இதுதான்: எங்கள் டியூட்டி ரோஸ்டர் ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதிதான் அடுத்த மாதத்துக்கு வரும். எந்த வாரம் லீவு என்று தெரியும்போது ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நூற்றைத் தாண்டியிருக்கும். தட்கல் போடலாம் என்றால் காலை பதினொரு மணிக்கு நான் வார்டில் நிற்பேன், போன் லாக்கரில் இருக்கும்.

இப்படிப் போய் வருகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெட்டி ஆபீசர் | 10 ஆகஸ்ட் 2025

சகோதரி, ரொம்ப யோசிக்காதீர்கள். வெயிட்டிங் லிஸ்ட்டே எடுத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறிவிடுங்கள். டி.டி.ஆரைப் பார்த்துப் பேசினால் ஏதாவது ஒரு பெர்த் கிடைத்துவிடும். நாங்கள் காலேஜ் படிக்கும்போது அப்படித்தான்.

கிளாம்பாக்கம் வாசி | 10 ஆகஸ்ட் 2025

முதலில் ஆம்னியை விடுங்கள். குரோம்பேட்டையிலிருந்து கிளாம்பாக்கம் எவ்வளவு தூரம்? எஸ்.இ.டி.சி., அதாவது அரசு விரைவு பஸ், நெல்லைக்கு வரிசையாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை, தீபாவளி என்று ஆம்னி மாதிரி விலை ஏறாது. அதைவிட முக்கியமாக, நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு சலுகை 2023இல் கொண்டுவந்தார்கள். ஒரே மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் ஆன்லைனில் முன்பதிவு செய்து அரசு பஸ்ஸில் போனால், ஆறாவது பயணத்திலிருந்து பாதிக் கட்டணம். அது போக, போகவும் வரவும் சேர்த்து ஒரே நேரத்தில் போட்டால் திரும்பும் டிக்கெட்டில் பத்து சதவீதம் கழிவு உண்டு. பண்டிகை நாட்களில் அது கிடையாது.

ஏ.சி. இல்லாத சீட்டரில் முதுகு கொஞ்சம் பேசும். பொய் சொல்ல மாட்டேன்.

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு | 10 ஆகஸ்ட் 2025

ஆறாவது பயணம் பாதி விலை என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி. ஆனால் எனக்கு மாதம் மூன்று தடவை போய்வந்தால் மொத்தமே ஆறு பயணம்தான். கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் பாதி. நாலு வாரமும் போகிறவர்களுக்குத்தான் அது லாபம் போல. இருந்தாலும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே போய், காலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்க்க என் கால் தாங்காது அண்ணா. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

சைடு அப்பர் | 11 ஆகஸ்ட் 2025

தங்கச்சி, நான் 2011இலிருந்து 2020 வரை ஒன்பது வருடம் இதே ரூட்டில் உருண்டவன். அம்பத்தூரில் வேலை, வீட்டம்மா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட டீச்சர். டிரான்ஸ்ஃபர் வரும் வரும் என்று காத்திருந்ததில் மகள் ஏழாவது போய்விட்டாள். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெட்டி ஆபீசர் தம்பிக்கு: உங்கள் காலேஜ் காலம் மலையேறிவிட்டது. ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்தப் பெர்த் என்ற கடைசிப் பட்டியல்) போட்டதும் தானாக ரத்தாகிவிடும். அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட்டாக இருந்தாலும் இந்த மே மாதத்திலிருந்து ஸ்லீப்பரில் விடுவதில்லை, ஜெனரல் கோச்சுக்குத்தான் அனுப்புகிறார்கள். தனியாக வருகிற பொம்பளைப் பிள்ளைக்கு இந்த யோசனை சொல்லாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ரோஸ்டர் வந்த பிறகு டிக்கெட் போடுகிறீர்கள் இல்லையா, அங்கேதான் பணம் போகிறது. ரோஸ்டர் வரும் முன்பே எல்லா வாரத்துக்கும் போட்டுவிடுங்கள். ஆமாம், எல்லா வெள்ளிக்கும், எல்லா ஞாயிறுக்கும். ரோஸ்டர் வந்ததும் வேண்டாததை ரத்து செய்யுங்கள்.

“வீண் செலவாச்சே அண்ணாச்சி” என்பீர்கள். கணக்குப் பாருங்கள். நெல்லைக்கு ஸ்லீப்பர் நானூறு ரூபாய் சொச்சம். ஆன்லைன் கட்டணம் யு.பி.ஐ.யில் கட்டினால் பதினொன்று எண்பது. ஒரு டிக்கெட் 420 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது, 2025 விதிப்படி, உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் பிடிப்பது 120 ரூபாய். உங்களுக்கு மாதம் நாலு வாரம், அதில் மூன்று போகிறீர்கள், ஒன்று ரத்து. ஆறு டிக்கெட் 2,520. ரத்தான இரண்டுக்கும் 120ம் ஆன்லைன் கட்டணமும் போனால் 264. மொத்தம் 2,784. நீங்கள் கொடுத்தது 9,150.

இதில் இன்னொரு சின்ன சூட்சுமம், ஒன்பது வருடத்தில் பொறுக்கியது. 48 மணியிலிருந்து 12 மணி வரைக்குள் ரத்து செய்தால் டிக்கெட்டில் 25 சதவீதம் பிடிப்பார்கள், ஆனால் குறைந்தபட்சம் அந்த 120தான் என்பது விதி. நானூறு ரூபாயில் கால்வாசி நூறு. நூறு, 120க்குக் கீழே. ஆக நம் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 12 மணி நேரம் முன்புவரை அதே 120தான். கடைசி நேரத்தில் யாராவது “சிஸ்டர், இந்த ஞாயிறு ஒரு டியூட்டி” என்று கேட்டாலும் பதற வேண்டாம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போய்விட்டால் பாதி காலி, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. டிக்கெட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மூன்றாம் வகுப்பு ஏ.சி.க்கு 180இல் தொடங்கும், கால்வாசி என்றால் அதைத் தாண்டிப் போகும்.

எப்போது போடுவது? 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாள்தான், அதற்கு முன்பு 120. அறுபது நாள் என்பது எட்டு வாரமும் நாலு நாளும். வெள்ளிக்கிழமையிலிருந்து அவ்வளவு பின்னால் போனால் திங்கள் வரும். ஞாயிறிலிருந்து போனால் புதன். ஆக திங்கள் காலை எட்டு மணிக்கு ஊருக்குப் போகிற டிக்கெட், புதன் காலை எட்டு மணிக்குத் திரும்புகிற டிக்கெட். வாரா வாரம் இதே இரண்டு நாள், வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் இருந்த காலத்தில் நாள் கணக்கு வேறு, ஆனாலும் இதே முறைதான். என் ரூமில் தினசரி காலண்டர் அட்டையில் போகிறதுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, வருகிறதுக்கு ஒரு நீலப் புள்ளி வைத்திருப்பேன். தேதி கிழிந்து போய்க்கொண்டே இருக்கும், அட்டையும் புள்ளியும் மட்டும் டிசம்பர்வரை நிற்கும்.

எட்டு மணிக்கு உங்களுக்கு டியூட்டி என்றால் வீட்டுக்காரர் தன் ரயில் டிக்கெட் ஐ.டி.யில் போடட்டும். பயணி நீங்களாக இருந்தால் போதும். சாதாரண வெள்ளிக்கு அவசரமில்லை, என் அனுபவத்தில் அரை நாள்கூடத் தாங்கும். பண்டிகை வெள்ளிக்கு ஐந்து நிமிடம்தான். ஐ.டி.யில் ஆதாரை இணைத்துவிடுங்கள். இணைக்காத ஐ.டி.க்கு மாதம் 12 டிக்கெட், இணைத்தால் 24. ரத்து செய்து போட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு 12 இழுபறி. தட்கலுக்கும் ஜூலையிலிருந்து ஆதார் இல்லாமல் முடியாது, ஓ.டி.பி. கேட்கும்.

தீபாவளி அக்டோபர் 20, திங்கள். அதற்கு முந்தின வெள்ளி 17. அதற்கு முன்பதிவு திறப்பது வருகிற 18ஆம் தேதி, திங்கள் காலை எட்டு மணி. அலாரம் வையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. “திருநெல்வேலி பக்கம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம்?

ஜெனரல் கோச் | 11 ஆகஸ்ட் 2025

யாரும் அந்தியோதயாவைச் சொல்லவில்லையே! தாம்பரத்திலிருந்து நாகர்கோவில், தினமும் உண்டு, முழு வண்டியும் முன்பதிவு இல்லாத கோச். ராத்திரி பதினொரு மணி வாக்கில் கிளம்பும். டிக்கெட் இருநூற்றுச் சொச்சம். போனிலேயே ரயில்வே செயலியில் எடுத்துவிடலாம். நான் வெள்ளி ஒன்பது மணிக்கே போய் பிளாட்ஃபாரத்தில் பையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு போகும், நெல்லைக்கு மறுநாள் முற்பகல் ஆகிவிடும். அக்காவுக்குச் சரிவராது என்று தெரியும். வேறு யாராவது படித்தால் உதவும் என்றுதான்.

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு | 11 ஆகஸ்ட் 2025

அண்ணாச்சி, நைட் டியூட்டி பிரேக்கில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். ரத்து செய்கிற பணத்தை இதுவரை நஷ்டம் என்றே நினைத்து, கை நடுங்கி டிக்கெட் போடாமல் இருந்திருக்கிறேன். 120 ரூபாய்க்குப் பயந்து 1,700 கொடுத்திருக்கிறேன். என்னத்தைச் சொல்ல.

எங்கள் ஊர் ஆலங்குளம்.

ஒரு சந்தேகம். எட்டு வாரத்துக்கு முன்கூட்டியே போட்டுக்கொண்டே போனால் டிக்கெட்டிலேயே பணம் முடங்கிவிடாதா?

சைடு அப்பர் | 11 ஆகஸ்ட் 2025

ஆலங்குளமா! அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டாமா தங்கச்சி?

நெல்லைக்கும் தென்காசிக்கும் நட்டநடுவே உட்கார்ந்துகொண்டு நெல்லை வண்டியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. எழும்பூர் – செங்கோட்டை, தினமும், தாம்பரத்தில் நிற்கும். தென்காசியில் இறங்கினால் உங்கள் ஊருக்கு டவுன் பஸ் போல பஸ் ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள் சிலம்பு எக்ஸ்பிரஸ் வேறு. நெல்லைப் பக்கம் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி, அனந்தபுரி. திரும்பி வரும்போது உங்கள் பக்கத்திலிருந்தே புறப்படுகிற வண்டியை முதலில் பாருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் நெல்லையிலிருந்தே கிளம்புவது, பொதிகை செங்கோட்டையில் கிளம்புவது. நடுவழியில் நெல்லைக்கு வந்து நிற்கிற வண்டியில் நம் ஸ்டேஷனுக்கு என்று ஒதுக்குவது கொஞ்சம்தான்.

நெல்லை, தென்காசி இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டால் தூத்துக்குடி போகிற முத்துநகர். கோவில்பட்டியில் இறங்கி நெல்லை பஸ் பிடிக்கலாம். அல்லது பாண்டியனில் மதுரைவரை வந்து மாட்டுத்தாவணியில் ஏறலாம். தூக்கம் கெடும். அவசரத்துக்கு மட்டும்.

பணம் முடங்குவது உண்மை. எட்டு வெள்ளி, எட்டு ஞாயிறு, பதினாறு டிக்கெட், கிட்டத்தட்ட 6,700 ரூபாய் எப்போதும் ரயில்வேயிடம் நிற்கும். ஆனால் ஒரே நாளில் கொடுப்பதில்லை, வாரம் 840 தான். நான் அதைச் சீட்டுக் கட்டுகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். ஊரில் எல்லாரும் நகைச் சீட்டு கட்டுவார்கள், நான் நெல்லை எக்ஸ்பிரஸ் சீட்டு.

பேப்பரில் ஒரு இருபது சதவீதத் தள்ளுபடி பார்த்திருப்பீர்கள், போகவர சேர்த்துப் போட்டால் திரும்புகிற டிக்கெட்டில் குறைப்பார்களாம். அதில் மயங்க வேண்டாம். அக்டோபர் 13இலிருந்து 26க்குள் போய், நவம்பர் 17இலிருந்து டிசம்பர் 1க்குள் திரும்பினால்தான் அது. நமக்கு லீவு இரண்டு நாள்.

பெரியக்கா | 12 ஆகஸ்ட் 2025

இத்தனை ஆண்பிள்ளைகள் பேசி, ஒருத்தரும் லேடீஸ் கோட்டாவைச் சொல்லவில்லை. ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று ஆறு பெர்த் தனியாக இருக்கிறது தங்கச்சி. தனியாகப் போகிற பெண் எந்த வயதாக இருந்தாலும் போடலாம். டிக்கெட் தேடும்போது கோட்டா என்ற இடத்தில் ‘ஜெனரல்’ என்றே வருமில்லையா, அதை ‘லேடீஸ்’ என்று மாற்றிப் பாருங்கள். ஜெனரலில் வெயிட்டிங் லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும், அங்கே இரண்டு பெர்த் சும்மா கிடக்கும். பக்கத்திலும் பெரும்பாலும் பெண்களாகவே வரும்.

இன்னொன்று. இந்த ஜூலையிலிருந்து சார்ட்டை வெகு சீக்கிரமே போடுகிறார்கள். முன்பு வண்டி கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதுதான். ராத்திரி எட்டரை, ஒன்பது வண்டிக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே உங்கள் வெயிட்டிங் லிஸ்ட் என்னவாயிற்று என்று தெரிந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் எஸ்.இ.டி.சி. போட அரை நாள் இருக்கிறது. பழைய மாதிரி சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு அல்லாட வேண்டாம். சார்ட் போட்ட பிறகும் பெர்த் மீந்தால் கரண்ட் புக்கிங்கில் பத்து சதவீதம் குறைத்துத் தருவார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை நெல்லை வண்டியில் பெர்த் மீந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம், அப்பர் பெர்த்தே கேளுங்கள். லோயரில் படுத்தால் விடிகாலை நாலு மணிக்கு ஒரு குடும்பமே வந்து காலடியில் உட்காரும்.

வெட்டி ஆபீசர் | 12 ஆகஸ்ட் 2025

மன்னிக்கவும் சகோதரி. சைடு அப்பர் அண்ணாச்சி திட்டியது நியாயம். அதோடு என் தங்கைக்கும் லேடீஸ் கோட்டாவில் ஒன்று போட்டுவிட்டேன்.

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு | 4 நவம்பர் 2025

ஆகஸ்டில் கேட்டுவிட்டு ஓடிப்போனவள் திரும்பி வந்திருக்கிறேன். என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்டும் செப்டம்பரும் கஷ்டம்தான். அறுபது நாள் முன்னால் போடத் தொடங்கினால் பலன் அக்டோபரில்தானே வரும்? செப்டம்பரில் இரண்டு தடவைதான் போனேன். ஒரு தடவை லேடீஸ் கோட்டாவில் பொதிகை கிடைத்தது. ஒரு தடவை வீட்டுக்காரர் தட்கல் போட்டார், பதினொரு மணி ஒரு நிமிடத்துக்கு ஓ.டி.பி. வந்து, அடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. அப்புறம் பஸ்தான்.

அக்டோபரிலிருந்து எல்லாம் மாறியது. முதல் வாரம் டியூட்டி. பத்தாம் தேதி போய்ப் பன்னிரண்டாம் தேதி திரும்பினேன், இரண்டும் உறுதியான பெர்த். தீபாவளிக்கு அந்த 18ஆம் தேதி திங்கள் காலை வீட்டுக்காரர் பட்டறை ஷட்டரைக்கூடத் திறக்காமல் வாசலில் உட்கார்ந்து போட்டிருக்கிறார். எட்டு இரண்டுக்கு எனக்கு மெசேஜ்: “எஸ் 7, அப்பர்.” நான் அப்போது ஹேண்ட் ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தேன், இடைவேளையில்தான் பார்த்தேன். திரும்புகிறது 21ஆம் தேதி. அதில் வெயிட்டிங் லிஸ்ட் 34 வரைதான் இறங்கியது. பெரியக்கா சொன்ன மாதிரி மத்தியானமே தெரிந்துவிட்டது. அறுபது ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி திரும்பி வந்தது. உடனே எஸ்.இ.டி.சி.யில் சிறப்புப் பஸ் போட்டேன். அதே நாளில் ஆம்னியில் 3,400 காட்டியது. முதுகு பேசியது உண்மைதான் கிளாம்பாக்கம் அண்ணா, ஆனால் அன்றைக்கு அது பேசியது எனக்குக் கேட்கவில்லை.

24, 26 டிக்கெட்டை ரோஸ்டர் வந்ததும் ரத்து செய்தேன். முதல் தடவை ‘கேன்சல்’ அழுத்தும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. 31ஆம் தேதி மறுபடி ஊர். அக்டோபர் மாதம் ஆட்டோ, தென்காசி பஸ் எல்லாம் சேர்த்து நோட்டில் எழுதியிருப்பது 3,240.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பொதிகையில் திரும்ப வேண்டுமென்றால் தென்காசியில் ஆறு, ஆறரை வாக்கில் ஏற வேண்டும். அதற்கு ஞாயிறு ஐந்து மணிக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். காலையில் விடியும்போதே தாம்பரம் வந்துவிடலாம், குளித்துச் சாப்பிட்டு நிதானமாக டியூட்டிக்குப் போகலாம். நெல்லை எக்ஸ்பிரஸ் என்றால் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வண்டி. பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும், ஆனால் காலையில் ஸ்டேஷனிலிருந்து நேராக வார்டுக்கு ஓட வேண்டும். போன ஞாயிறு பொதிகைதான். ஐந்து மணிக்கு நான் பையை எடுத்ததும் அவன், “இன்னும் இருட்டலையேம்மா” என்றான். வருகிற வாரங்களுக்கு நெல்லை எக்ஸ்பிரஸே போடச் சொல்லிவிட்டேன்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அக்டோபர் 1இலிருந்து முன்பதிவு திறந்ததும் முதலில், சாதாரண டிக்கெட்டுக்கும் ஆதார் சரிபார்த்த ஐ.டி.க்குத்தான். எங்கள் ஹாஸ்டலில் ஒரு பெண் அது தெரியாமல் எட்டேகால்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

சைடு அப்பர் | 4 நவம்பர் 2025

பொங்கலுக்குப் போட்டாச்சா? ஜனவரி 15க்கு முந்தின வெள்ளி 9ஆம் தேதி. வருகிற திங்கள், 10ஆம் தேதி திறக்கிறது.

ஷிஃப்ட் முடிஞ்சாச்சு | 4 நவம்பர் 2025

ஷட்டர் திறக்க லேட் ஆகும் என்று வீட்டுக்காரர் பட்டறைப் பையனிடம் இப்போதே சொல்லிவிட்டார் அண்ணாச்சி.